டிவிடி ரெக்கார்டர்: கல்யாணக் கேசட்டை வட்டுக்கு மாற்றும் வழி

களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பகுதிகளிலும், எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், 1980களின் பிற்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் நடந்த திருமணங்களும் ஆலயத் திருவிழாக்களும் பெரும்பாலும் விஎச்எஸ் கேசட்டுகளில்தான் பதிவாகியிருக்கின்றன. அவற்றை ஓட்டிப் பார்க்கும் டெக் பல வீடுகளில் பழுதாகி மூலைக்குப் போய்விட்டது. அவற்றுள் சில வீடுகளில், வளைகுடா நாட்டில் வேலை பார்த்தவர் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த டிவிடி ரெக்கார்டர் ஒன்று, படம் பார்ப்பதற்கு மட்டுமே பயன்படும் பெட்டியாக டிவிக்கு அடியில் இருந்துவருகிறது. கேசட்டில் இருப்பதைக் காப்பாற்றித் தருவதற்கு வீட்டளவில் இதைவிட எளிய கருவி இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் சிவப்புப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே எந்த வட்டு, எத்தனை மணி நேரத் தரம் என்ற இரண்டு முடிவுகளை நாம் எடுத்திருக்க வேண்டும். பதிவு முடிந்த பிறகு வட்டை மூடும் வேலை ஒன்றும் இருக்கிறது. இவற்றின் காரணங்களை, இந்தக் கருவியை முதன்முறையாகக் கையாளுபவருக்கு விளங்கும்படி சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

பிளேயர் வேறு, ரெக்கார்டர் வேறு

டிவிடி பிளேயர், வட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதைப் படித்து டிவிக்கு அனுப்பும். அதனால் எழுத இயலாது. ரெக்கார்டர், வெளியிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் உள்வாங்கி, அவற்றை எண்களாக மாற்றிச் சுருக்கி, லேசர் கதிரைக் கொண்டு வெற்று வட்டில் எழுதும். தோற்றத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் பின்புறத்தைப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். பிளேயரின் பின்புறம் ‘அவுட்’ என்று குறிக்கப்பட்ட துளைகள் மட்டும் இருக்கும். ரெக்கார்டரில் அவற்றோடு ‘இன்’ என்று குறிக்கப்பட்ட மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகளும் ஆன்டெனா ஒயர் சொருகும் இடமும் இருக்கும். பல கருவிகளில் முன்புறத்திலும் ஒரு சிறு மூடிக்குப் பின்னால் இன்னொரு தொகுதி ‘இன்’ துளைகள் ஒளிந்திருக்கும்.

டிவிடி பிளேயர்கள் ஜப்பானில் 1996ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தன. வீட்டில் வைத்துப் பதிவு செய்யக்கூடிய ரெக்கார்டரைப் பயனியர் நிறுவனம் 1999ஆம் ஆண்டின் இறுதியில் அதே நாட்டில் வெளியிட்டது. பிறகு வந்த பல கருவிகளில் 80, 160, 250 ஜிபி அளவுள்ள ஹார்டு டிஸ்க்கும் உள்ளே பொருத்தப்பட்டது. இருவகைக் கருவிகளில் எதை வைத்திருப்பது என்று கேட்டால், ஹார்டு டிஸ்க் உள்ளதையே சொல்வேன். அதில் முதலில் பதிவு செய்து, தேவையற்றதை நீக்கி, திருத்தமான வடிவத்தை மட்டும் வட்டுக்கு அனுப்பலாம். நேரடியாக வட்டில் எழுதும் கருவியில் தவறுக்கு இடம் மிகக் குறைவு.

ஒரு வட்டில் எத்தனை மணி நேரம்?

தொடக்க நிலையில் இருப்பவர்களை அதிகம் குழப்புவது இந்தக் கேள்விதான். அதனால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் இலங்கையிலும் வழங்கிவந்த ‘பால்’ என்னும் ஒளிபரப்பு முறையில், ஒரு நொடிக்கு 25 முழுப் படங்கள் திரையில் வந்து போகின்றன. டிவிடியில் அவ்வாறான ஒவ்வொரு படத்திலும் அகலவாக்கில் 720 புள்ளிகளும் உயரவாக்கில் 576 புள்ளிகளும் இடம்பெறுகின்றன. இவற்றை எவ்விதச் சுருக்கமும் இன்றி அப்படியே எழுதுவதானால் ஒவ்வொரு நொடிக்கும் ஏறத்தாழ 2 கோடி பைட் இடம் வேண்டும். சாதாரண ஒற்றை அடுக்கு டிவிடியின் மொத்தக் கொள்ளளவு 4.7 ஜிபி, அதாவது 470 கோடி பைட். அந்தக் கணக்குப்படி வட்டு முழுவதிலும் 4 நிமிடப் படம்கூட அடங்காது. தாலி கட்டும் காட்சியைக்கூட முழுமையாக வைக்க முடியாத அளவு அது.

ஆகவே ரெக்கார்டருக்குள் இருக்கும் ஒரு சில்லு, எம்பெக்-2 என்ற முறையில் படத்தைச் சுருக்குகிறது. ஏறத்தாழ அரை நொடிக்கு ஒருமுறை ஒரு முழுப் படத்தை அது குறித்துக்கொள்கிறது. இடைப்பட்ட படங்களில், முந்தைய படத்திலிருந்து எந்தப் பகுதி மாறியதோ, எந்தப் பகுதி நகர்ந்ததோ, அதை மட்டும் எழுதுகிறது. மணமேடையின் பின்திரை அசையாமல் இருக்க, மணமக்களின் தலை மட்டும் திரும்பும் காட்சிக்கு மிகக் குறைந்த இடம் போதும். சிங்காரிமேளக்காரர்கள் துள்ளி ஆடும் ஊர்வலத்திலும், வாணவேடிக்கையிலும், மழை கொட்டும் காட்சியிலும் திரையின் ஒவ்வொரு மூலையும் மாறிக்கொண்டே இருப்பதால் அதிக இடம் தேவைப்படுகிறது. இடம் போதாதபோது சில்லு நுணுக்கங்களைக் கைவிடுகிறது. திரையில் சிறுசிறு கட்டங்கள் தெரியத் தொடங்குவதன் காரணம் இதுவே.

நாம் தேர்ந்தெடுக்கும் ‘மணி நேரத் தரம்’ என்பது, ஒவ்வொரு நொடிக்கும் எவ்வளவு இடம் ஒதுக்கலாம் என்று அந்தச் சில்லுக்கு நாம் இடும் கட்டளை. ஒரே பாத்திர மாவில் கனத்த தோசை சிலவும் சுடலாம், மெல்லிய தோசை பலவும் சுடலாம். மாவின் அளவு கூடுவதில்லை. எக்ஸ்பி என்ற தரத்தில் ஒரு வட்டில் 1 மணி நேரமும், எஸ்பியில் 2 மணி நேரமும், எல்பியில் 4 மணி நேரமும், ஈபியில் 6 மணி நேரமும் அடங்கும். சில கருவிகள் 8 மணி நேரம் வரையிலும் இழுக்கும். எஸ்பியில் நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் கிடைக்கிறது. எல்பியில் அதில் பாதிதான்.

விஎச்எஸ் கேசட்டின் படமே தெளிவு குறைந்தது, அகலவாக்கில் அது காட்டக்கூடிய நுணுக்கம் ஏறத்தாழ 240 கோடுகள்தான், எனவே அதைக் குறைந்த தரத்தில் பதிந்தால் என்ன இழப்பு என்று பலர் கேட்கிறார்கள். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. எல்பி தரத்தில் பல ரெக்கார்டர்கள் 720 புள்ளிகளை 352 ஆகக் குறைத்துவிடுகின்றன. கேசட்டின் நுணுக்கத்துக்கு 352 புள்ளிகளே போதுமானவை. ஆனால் பழைய கேசட்டின் படத்தில் மணல் தூவியதுபோல் ஓயாது அசையும் புள்ளிகள் நிறைந்திருக்கும். அவை கேசட்டின் இரைச்சல் என்பதும், மணப்பெண்ணின் முகம்தான் முக்கியம் என்பதும் சில்லுக்குத் தெரியாது. மாறிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புள்ளியையும் அது புதிய செய்தியாகவே கருதி, கிடைத்த இடத்தை அதற்கும் பகிர்ந்துவிடுகிறது. எனவே தேய்ந்த கேசட்டுக்குக் குறைந்த இடம் போதும் என்ற எண்ணத்துக்கு நேர்மாறாக, அதற்குத்தான் அதிக இடம் தர வேண்டியிருக்கிறது.

3 மணி நேரக் கேசட்டை ஒரே வட்டில் எல்பியில் திணிப்பதைவிட, எஸ்பியில் இரண்டு வட்டுகளாகப் பிரிப்பதே மேல். பிரிக்கும் இடத்தை நாமே தேர்ந்துகொள்ளலாம். முகூர்த்தம் முடியும் வரை ஒன்று, விருந்தும் மறுவீடும் மற்றொன்று என்று வைத்தால் பார்ப்பவருக்கும் வசதி. கேசட் 2 மணி 20 நிமிடம் மட்டுமே ஓடுமானால், பல கருவிகளில் இருக்கும் ‘எஃப்ஆர்’ என்ற நெகிழ்வுத் தரத்தில் அந்த நேரத்தைக் கொடுத்துவிடலாம்; வட்டு சரியாக நிரம்பும்படி கருவியே கணக்கிட்டுக்கொள்ளும். ஈபி தரத்தைக் குடும்பப் பதிவுக்கு யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. அதில் முகங்கள் கலங்கிவிடும்; பெற்ற வட்டை வைத்துக்கொண்டு இழந்ததை மீட்க வழி கிடையாது.

மைனஸ், பிளஸ், ஆர், ஆர்டபிள்யூ

கடையில் வெற்று வட்டு கேட்டால், மைனஸா பிளஸா என்று திரும்பக் கேட்பார்கள். எழுதக்கூடிய டிவிடிக்கான விதிகளை நிறுவனங்கள் இரு அணிகளாகப் பிரிந்து வகுத்ததன் விளைவு இது. பயனியர் உருவாக்கிய டிவிடி மைனஸ் ஆர் 1997இல் வந்தது. பிலிப்ஸ், சோனி முதலிய நிறுவனங்கள் சேர்ந்த அணியின் டிவிடி பிளஸ் ஆர் 2002இல் வந்தது. இரண்டின் கொள்ளளவும் ஒன்றே. உங்கள் ரெக்கார்டரின் முன்புறத்திலோ கையேட்டிலோ எந்தக் குறி இருக்கிறதோ அதை வாங்க வேண்டும். பிற்காலக் கருவிகளில் பல இரண்டையும் ஏற்கும். வேகக் குறியையும் கவனிக்க வேண்டும். ஆரம்பகாலக் கருவிகள் சில, பின்னாளில் வந்த 16 மடங்கு வேக வட்டுகளை அடையாளம் காணாமல் மறுத்துவிடும்.

மைனஸ், பிளஸ் வேறுபாட்டைவிட ஆர், ஆர்டபிள்யூ வேறுபாடு முக்கியமானது. ஆர் வகையில் ஒரு சாய அடுக்கு இருக்கிறது; லேசர் கதிர் பட்ட இடத்தில் அந்தச் சாயம் நிரந்தரமாக மாறிவிடுவதால் ஒருமுறைதான் எழுத முடியும். ஆர்டபிள்யூ வகையில் சாயத்துக்குப் பதிலாக ஓர் உலோகக் கலவை இருக்கிறது. லேசரின் வெப்பத்துக்கு ஏற்ப அது படிக நிலைக்கும் ஒழுங்கற்ற நிலைக்கும் மாறி மாறிச் செல்லக்கூடியது என்பதால், ஏறத்தாழ 1000 முறை அழித்து எழுதலாம். ஆனால் இந்தக் கலவை ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்புகிறது. பழைய பிளேயர்கள் ஆர்டபிள்யூ வட்டைப் படிக்கத் திணறுவது இதனால்தான். டிவிடி-ராம் என்ற மூன்றாவது வகையில் 1 லட்சம் முறை எழுதலாம் என்பார்கள். ஆனாலும் சாதாரண பிளேயர்களில் பெரும்பாலானவை அதைப் படிக்காது என்பதால் உறவினருக்குக் கொடுக்க உதவாது.

என் பரிந்துரை எளியது. ஒரே ஒரு ஆர்டபிள்யூ வட்டை வாங்கி, கருவி கைக்குப் பழகும் வரை அதில் பதிந்து பதிந்து அழித்துப் பாருங்கள். நிலைத்து இருக்க வேண்டியதை ஆர் வட்டில் எழுதுங்கள். இந்தியாவில் இவ்வட்டுகளைப் பெருமளவில் தயாரித்த மோசர்பேர் நிறுவனம் 2018இல் கலைப்புக்கு உத்தரவிடப்பட்ட நிலைக்குப் போனதை நினைவில் கொண்டால், நல்ல வெற்று வட்டுகளைக் கிடைக்கும்போதே தேவைக்கேற்ப வாங்கி வைப்பது புத்திசாலித்தனம் என்பது புரியும்.

ஆர்டபிள்யூ வட்டை முதலில் போடும்போது ‘வீடியோ மோடா, விஆர் மோடா’ என்று கருவி கேட்கலாம். விஆர் முறையில் வெட்டவும் ஒட்டவும் வசதி அதிகம். ஆனால் மற்ற பிளேயர்கள் பல அதைப் படிக்காது. வட்டு வேறு வீட்டில் ஓட வேண்டுமானால் வீடியோ முறையைத் தேர்ந்தெடுங்கள்.

பைனலைஸ்: வட்டை மூடும் வேலை

‘எங்கள் வீட்டில் நன்றாக ஓடியது, தங்கை வீட்டு பிளேயரில் போட்டால் வட்டே இல்லை என்கிறது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: வட்டு பைனலைஸ் செய்யப்படவில்லை.

பதிவு நடக்கும்போது ரெக்கார்டர் படத்தையும் ஒலியையும் மட்டுமே வட்டில் எழுதிச் செல்கிறது. எந்தப் பதிவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற பட்டியலைத் தற்காலிகமாக ஓரிடத்தில் குறித்துவைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பைப் படிக்கும் விதம் அந்தக் கருவிக்குத் தெரியும், சாதாரண பிளேயருக்குத் தெரியாது. பைனலைஸ் என்ற கட்டளையைக் கொடுத்ததும், உலகின் எந்த டிவிடி பிளேயரும் எதிர்பார்க்கும் வடிவத்தில் அந்தப் பட்டியலையும், திரையில் தோன்றும் மெனுவையும், வட்டின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் பகுதிகளையும் கருவி எழுதி முடிக்கிறது. இதற்குச் சில நிமிடங்கள் முதல் கால் மணி நேரம் வரை ஆகலாம். முடிந்த பிறகு அந்த ஆர் வட்டில் புதிதாக எதையும் சேர்க்க இயலாது. ஆர்டபிள்யூ வட்டில் பல கருவிகள் பைனலைஸை விலக்கவும் அனுமதிக்கும்; பிளஸ் ஆர்டபிள்யூ வட்டுக்குப் பொதுவாக இந்த வேலையே தேவையில்லை.

ஆகவே வரிசை இவ்வாறு இருக்க வேண்டும்: முழுவதும் பதிந்து, ஓட்டிப் பார்த்து, தலைப்புகளுக்குப் பெயரிட்டு, வேண்டாததை நீக்கி, எல்லாம் சரி என்று உறுதியான பிறகே பைனலைஸ். ஆர் வட்டில் ஒரு பதிவை ‘நீக்கினால்’ அது பட்டியலிலிருந்து மறையுமே தவிர, அந்த இடம் நமக்குத் திரும்பக் கிடைக்காது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

பைனலைஸ் நடக்கும் அந்த நிமிடங்களில் கரண்ட் போனால் வட்டு பெரும்பாலும் வீணாகும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் ரப்பர்க் கிளை முறிந்து கம்பியில் விழுவதும், துலாம் (ஐப்பசி) மாதத்து இடியில் டிரான்ஸ்பார்மர் நின்றுபோவதும் நம் பகுதியில் புதிய செய்தி அன்று. ரெக்கார்டர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ ஒரு குழல் விளக்கின் அளவே என்பதால், கணினிக்குப் பயன்படும் சிறிய யுபிஎஸ் ஒன்றில் இணைத்துவிட்டால் இந்த ஆபத்து நீங்கிவிடும். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளிலும், கரண்ட் மாறும் கணத்தில் ஏற்படும் சிறு தடங்கலைத் தவிர்க்க யுபிஎஸ் இருப்பது நல்லது. இடி முழங்கும்போது கேபிள் ஒயரையும் மின் ஒயரையும் கழற்றிவிட்டு வேலையை மறுநாளுக்குத் தள்ளிவைக்க வேண்டும்.

ஒயர்களை இணைத்தல்

டெக்கின் ‘அவுட்’ துளையிலிருந்து ரெக்கார்டரின் ‘இன்’ துளைக்கு ஒரு தொகுதி. ரெக்கார்டரின் ‘அவுட்’ துளையிலிருந்து டிவியின் ‘இன்’ துளைக்கு மற்றொரு தொகுதி. மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. பிறகு ரெக்கார்டரின் ரிமோட்டில் ‘இன்புட்’ பொத்தானை அழுத்தி ஏவி-1 அல்லது ஏவி-2 என்று மாற்றினால் கேசட்டின் படம் டிவியில் தெரிய வேண்டும். டிவியில் தெரிவதுதான் வட்டிலும் பதியும்; தெரியாமல் பதிவைத் தொடங்கக் கூடாது. ரெக்கார்டரின் பின்புறம் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அது டிவிக்கு அனுப்புவதற்கு மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ ஒயரை அதில் சொருகிப் பதிவு செய்ய முடியாது.

கேசட்டைத் தயார்படுத்துதல்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் பகுதி நம்முடையது. ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் நிற்பதால் கேசட்டுகளில் பூஞ்சை பிடிப்பது இங்கே மிகவும் சாதாரணம். கேசட்டின் கண்ணாடிச் சாளரத்தின் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் விளிம்பில் வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ பூத்திருந்தால் அதை டெக்கில் போடாதீர்கள். பூஞ்சை, நாடாவைப் படிக்கும் பகுதியான டெக்கின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்து ஓடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அப்படிப்பட்ட கேசட்டைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே முறை. வீட்டில் தண்ணீரோ வாசனைத் திரவமோ தொட்டுத் துடைப்பது நாடாவின் காந்தப் பூச்சையே உரித்துவிடக்கூடும்.

பூஞ்சை இல்லாத கேசட்டை ஒருமுறை கடைசி வரை ஓட்டி, மீண்டும் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டுப் பிறகு பதிவைத் தொடங்கினால், ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்த நாடாவின் இறுக்கம் சீராகும். டெக்கில் டிராக்கிங் பொத்தானைச் சரிசெய்து, திரையின் மேலும் கீழும் ஓடும் கோடுகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். படம் பனிமூட்டமாக இருந்தால் ஹெட்டில் அழுக்கு இருக்கிறது என்று பொருள். உலகில் விஎச்எஸ் டெக் தயாரித்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே ஓடும் நிலையில் ஒரு டெக் உங்கள் கையில் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துக்கொள்வது அவசரமான கடமை என்று கருதுகிறேன். உறவினர் நான்கு வீட்டுக் கேசட்டுகளையும் ஒரே டெக்கில், ஒரே விடுமுறையில் மாற்றிவிடலாம்.

மூன்று இடையூறுகளை எதிர்பார்க்க வேண்டும். கடையில் விற்ற திரைப்படக் கேசட்டுகள் பலவற்றில் நகலெடுப்பைத் தடுக்கும் மேக்ரோவிஷன் குறி இருக்கும். அதைக் கண்டதும் ரெக்கார்டர் பதிய மறுக்கும். வீட்டுக் கேசட்டில் அந்தக் குறி கிடையாது. ஆனாலும் மிகவும் தேய்ந்த நாடாவின் நிலையற்ற அலையை அந்தக் குறி என்று தவறாக எண்ணிச் சில கருவிகள் நின்றுவிடும். அப்போது வேறொரு டெக்கில் அதே கேசட்டை ஓட்டிப் பார்ப்பது பெரும்பாலும் பலன் தருகிறது. மூன்றாவது, அமெரிக்காவிலிருந்து வந்த கேசட். அங்கே வழங்கியது என்டிஎஸ்சி முறை. அதை ஓட்ட இரு முறைகளையும் ஏற்கும் டெக் வேண்டும். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்வது

ஒரு காலத்தில் ஆன்டெனாவைத் திருப்பித் திருவனந்தபுரம் தூர்தர்ஷனைப் பிடித்த வீடுகளில், ரெக்கார்டரின் உள்ளே இருக்கும் டியூனரே சேனலை மாற்றிப் பதிவு செய்யும் நிலை இருந்தது. கேபிள் ஒளிபரப்பு 2012 முதல் கட்டம் கட்டமாக டிஜிட்டலுக்கு மாறிய பிறகு சேனலை மாற்றுவது செட்டாப் பாக்ஸின் வேலையாகிவிட்டது. எனவே செட்டாப் பாக்ஸின் ஏவி துளையிலிருந்து ரெக்கார்டரின் ‘இன்’ துளைக்கு ஒயர் கொடுத்து, டைமரில் ஏவி என்று குறித்து, நிகழ்ச்சி வரும் சேனலில் செட்டாப் பாக்ஸை இயக்கத்திலேயே விட்டுவைக்க வேண்டும். இடையில் வீட்டில் யாராவது தமிழ்ச் சேனலிலிருந்து மலையாளச் சேனலுக்கு மாற்றினால், அதுவே பதிவாகும். புதிய செட்டாப் பாக்ஸ்களில் மூன்று நிறத் துளைகளுக்குப் பதிலாக ஒரே சிறு துளை இருக்கக்கூடும். அதற்குரிய ஒயரில் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், படம் வரவில்லை என்றால் மூன்று முனைகளையும் மாற்றிச் சொருகிப் பாருங்கள்.

சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒளிபரப்பைப் பதிவு செய்பவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகப் பதிந்துகொள்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. விற்பதும், ஊருக்குத் திரையிட்டுக் காட்டுவதும் வேறு செயல்கள். அவற்றுக்கு இந்த விலக்கு பொருந்தாது.

வட்டுக்குப் பின்

எழுதிய வட்டின் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் உட்புற அடுக்கு அழுந்திப் பழுதாகலாம். மென்முனை மார்க்கரே ஏற்றது. காகித லேபிளை ஒட்டினால், ஈரத்தில் அது புடைத்து வட்டின் சமநிலையைக் கெடுக்கும். வெயில் படும் இடத்தில் வைத்தால் சாயம் மங்கும். தூசியைத் துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைப்பது கீறலை எழுத்தின் வழியிலேயே இழுத்துச் செல்லும்.

ஒரே வட்டை நம்பி இருப்பது போதாது. வீடியோ முறையில் நீங்களே பதிந்து பைனலைஸ் செய்த வட்டில் பூட்டு எதுவும் இருக்காது. கணினியில் போட்டால் ‘வீடியோ_டிஎஸ்’ என்ற கோப்புறை தெரியும். அதை முழுமையாக நகலெடுத்து ஹார்டு டிஸ்க்கில் வைத்தால் தரம் சிறிதும் குறையாது. வி.எல்.சி. போன்ற இலவச மென்பொருளில் அது அப்படியே ஓடும். யுஎஸ்பி வழியாகக் கேசட்டை நேரடியாகக் கணினிக்கு மாற்றும் மலிவான கருவிகளும் கிடைக்கின்றன. ஆனால் நீண்ட கேசட்டுகளில் உதட்டசைவும் ஒலியும் பிரிந்துபோகும் சிக்கலை அவற்றில் அடிக்கடி காண்கிறோம். ரெக்கார்டரில் அந்த வேலை ஒரே சில்லில் ஒழுங்காக நடந்துவிடுகிறது. அதனால் முதலில் ரெக்கார்டர், பிறகு கணினி என்ற வழியையே நான் விரும்புகிறேன்.

பழைய ரெக்கார்டரை வாங்குவோருக்கு

புதிய ரெக்கார்டரைக் கடையில் வாங்குவது இன்று ஏறக்குறைய இயலாத செயல். பழையதைத்தான் தேட வேண்டும். வளைகுடாவிலிருந்து வந்த கருவி நம் 230 வோல்ட் மின்சாரத்திலும் ‘பால்’ முறையிலும் சிக்கலின்றி ஓடும். பிளக்கின் வடிவம் மட்டும் வேறுபடும். அமெரிக்கக் கருவிக்கு மின்மாற்றி வேண்டும். அதோடு நம் முறையிலான படத்தைப் பல கருவிகள் ஏற்காது என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. ரிமோட் இல்லாத ரெக்கார்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பைனலைஸ் உட்படப் பெரும்பாலான கட்டளைகள் ரிமோட்டில்தான் இருக்கின்றன. விற்பவர் ஒரு சினிமா டிவிடியைப் போட்டு ஓட்டிக் காட்டுவதை வைத்து முடிவு செய்யவும் கூடாது. படிப்பதற்குத் தேவையான லேசர் ஆற்றலைவிட எழுதுவதற்குத் தேவையான ஆற்றல் பல மடங்கு அதிகம்; நன்றாகப் படிக்கும் கருவி எழுதும்போது தோற்றுப்போவது வழக்கம். ஒரு வெற்று வட்டைக் கையோடு எடுத்துச் சென்று, 10 நிமிடம் பதிந்து, அங்கேயே பைனலைஸ் செய்து, வேறொரு பிளேயரில் அது ஓடுவதைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.